இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளரை எப்படி அழைப்பது: மறைவாகப் பேசியா, அனுமதி கேட்டா, காத்திருந்தா?

2023 மார்ச் 17 இரவு, ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக அணி பர்டூ பல்கலைக்கழகத்தை 63-58 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் ஆடவர் கூடைப்பந்துத் தொடரில், தரவரிசையின் அடியிலுள்ள பதினாறாம் நிலை அணி ஒன்று முதல் நிலை அணியை வீழ்த்தியது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்திருந்தது. முந்தைய பருவத்தில் நான்கே ஆட்டங்களில் வென்றிருந்த அணியை ஒரே ஆண்டில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் டோபின் ஆண்டர்சன் என்ற பயிற்சியாளர். இரண்டு நாள் கழித்து ஃபுளோரிடா அட்லாண்டிக்கிடம் தோற்று அணி ஊர் திரும்பியது. சில நாட்களுக்குள் ஆண்டர்சன் அயோனா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அயோனாவில் அந்த இடம் காலியானதற்குக் காரணம், அங்கிருந்த ரிக் பிட்டினோவை நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டதுதான்.

இந்த இடமாற்றத்தில் ஒளிவுமறைவு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் பெரிய இடத்துக்குப் போவதே தவறு என்றும் கருதவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பயிற்சியாளர் உயர்வதற்கு வேறு பாதை ஏறக்குறைய இல்லை; உதவிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் உழைத்து ஒரு சிறிய அணியைத் தூக்கி நிறுத்தியவருக்கு, ஊதியத்தைப் பல மடங்காக்கும் அழைப்பு வரும்போது, அதை மறுத்துவிடு என்று சொல்லும் உரிமை பார்வையாளர்களாகிய நமக்கு இல்லை. இங்கே ஆராய வேண்டியது அழைப்பு எந்த வழியாக வருகிறது என்பதை. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறை இயக்குநர், மார்ச் மாத நடுவில், தம்முடைய பயிற்சியாளரை நீக்கிவிட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விரும்பும் நபர் இன்னொரு கல்லூரியோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார்; அந்தக் கல்லூரியின் அணியோ இன்னும் தொடரில் ஆடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் மறைவாகப் பேசலாம். அந்தக் கல்லூரியிடம் அனுமதி கேட்டுப் பேசலாம். அணியின் பருவம் முடியும்வரை காத்திருக்கலாம். யாரையும் இழுக்காமல் தம் வீட்டுக்குள்ளேயே ஆள் தேடலாம். இவற்றுள் முதலாவது நடைமுறையில் மிகுதியாகக் கையாளப்படுவது; அதுவே தவறானதும்கூட என்பது என் முடிவு. ஆனால் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை முதலில் நேர்மையாகக் கேட்டாக வேண்டும்.

இதில் விதி என்ன சொல்கிறது என்று தேடினால், ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரியவரும். வேறு கல்லூரியின் வீரர் ஒருவர், கல்லூரி மாற விரும்புவோருக்கான பட்டியலாகிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் தம் பெயரைப் பதிவு செய்வதற்கு முன் அவரையோ அவருடைய குடும்பத்தையோ எந்தப் பயிற்சியாளரும் அணுகக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதி தெளிவாகத் தடுக்கிறது. பயிற்சியாளரை இன்னொரு பல்கலைக்கழகம் அணுகுவதற்கு அப்படியொரு தடை அதன் விதிப்புத்தகத்தில் இல்லை. பத்தொன்பது வயது மாணவரிடம் பேசுவது குற்றம், பல மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும் பெரியவரிடம் பேசுவது வழக்கம் என்ற இந்த ஏறுமாறான நிலையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் நிலைமை வேறு. ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளரோடு பேச அவருடைய அணியின் அனுமதி வேண்டும். மீறினால் அது முறைகேடு. 1995-இல் பேட் ரைலி நியூயார்க் நிக்ஸை விட்டு மயாமி ஹீட்டுக்குப் போனபோது நிக்ஸ் அதை முறைகேடென்று புகார் செய்தது. கடைசியில் மயாமி ஒரு மில்லியன் டாலரும் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் தனக்கிருந்த முதல் சுற்று உரிமை ஒன்றும் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தது. 2013-இல் டாக் ரிவர்ஸை பாஸ்டனிடமிருந்து பெற லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் 2015-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்தது. பணம் ஒன்றே குறியான தொழில்முறை லீக்கில் இருக்கும் ஒழுங்கு, கல்வி நிறுவனங்கள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இடங்களில் இல்லை.

மறைவாகப் பேசும் வழி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இயக்குநர் நேரடியாகப் பயிற்சியாளரை அழைப்பதில்லை. பல்கலைக்கழகம், பதவிக்கு ஆள் தேடித் தரும் ஒரு நிறுவனத்தை அமர்த்துகிறது. அந்த நிறுவனத்தின் ஆள் பயிற்சியாளரின் முகவரோடு பேசுகிறார். "இப்படி ஓர் இடம் வந்தால் உங்கள் ஆளுக்கு ஆர்வம் இருக்குமா" என்பது கேள்வி. "சரியான இடம் என்றால் யோசிப்பார்" என்பது பதில். இதற்குள் ஊதியத்தின் அளவும், உதவியாளர்களுக்கான தொகையும், ஒப்பந்தத்தின் நடுவில் போவதற்காகப் பழைய கல்லூரிக்குத் தர வேண்டிய விலகல் தொகையை யார் கட்டுவது என்பதும் பேசி முடிந்திருக்கும். பயிற்சியாளர் செய்தியாளர் முன் அமர்ந்து "நான் யாரிடமும் பேசவில்லை" என்று சொன்னால் அது எழுத்தளவில் பொய்யாகாது. பேசியது அவருடைய முகவர். இயக்குநரும் அதையே சொல்லலாம். பேசியது அவர் அமர்த்திய நிறுவனம். பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவும் தத்தம் மாநிலங்களின் ஆவண வெளிப்படைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை என்பதால், விண்ணப்பம், மின்னஞ்சல் என்று எழுத்தில் எதுவும் மிஞ்சாதபடி காதும் காதும் வைத்தாற்போல் வேலையை முடித்துத் தருவதும் அந்த நிறுவனங்களின் பயன்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இதன் இன்னும் மோசமான வடிவம், தம்முடைய பயிற்சியாளர் பதவியில் இருக்கும்போதே அவருடைய இடத்துக்கு ஆள் பேசுவது. அப்போது ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிகளின் அணிகள் ஏமாற்றப்படுகின்றன.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது அற்பமானதல்ல. ஓர் இடத்துக்கு ஐந்து பேரோடு பேசினால் நான்கு பேருக்கு அது கிடைக்காது. அந்த நான்கு பேரும் தம் கல்லூரிக்குத் திரும்பிப் போய் வேலை செய்தாக வேண்டும். வேறிடம் தேடியவர் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால், அவர் பள்ளி மாணவர் ஒருவரைத் தம் அணிக்கு அழைக்கும்போது போட்டிக் கல்லூரியின் பயிற்சியாளர் அதே மாணவரின் வீட்டுக்குப் போய் "அவர் அடுத்த ஆண்டு அங்கே இருக்கமாட்டார்" என்று சொல்லிவிடுவார். ஆகவே மறைவு என்பது பயிற்சியாளருக்கு ஒரு காப்பு. கேட்டு மறுக்கப்பட்ட பல்கலைக்கழகம் என்ற அவமானத்திலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கும் அது காப்பு. வேலை தேடுகிற எவரும் தம் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டா நேர்காணலுக்குப் போகிறார், பயிற்சியாளருக்கு மட்டும் ஏன் தனி நீதி என்ற கேள்வியும் உண்டு.

இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் எல்லாம் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். அலுவலக ஊழியர் எவரும் பதினெட்டு வயது இளைஞரின் வீட்டுக் கூடத்தில் அவருடைய தாயின் எதிரே உட்கார்ந்து, "உங்கள் மகனை என்னிடம் விடுங்கள், நான்கு ஆண்டுகள் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதில்லை. பயிற்சியாளரின் வேலையே அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. 2024 வரை நடப்பிலிருந்த தேசிய ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் மாணவர், தாம் சேர்வது ஒரு கல்லூரியில், ஒரு பயிற்சியாளரிடம் அல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரிகள் அந்த வரியை எழுதி வைத்ததே, மாணவர்கள் உண்மையில் பயிற்சியாளரை நம்பித்தான் வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான். நம்பிக்கையைக் காட்டி ஆளைச் சேர்த்தவர், அந்த நம்பிக்கை இன்னும் செல்லுமா என்பதை மட்டும் அவர்களிடமிருந்து மறைத்து வைக்கலாம் என்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

மறைவு பயிற்சியாளரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு 2003 ஏப்ரல் 7 இரவைப் பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேன்சஸ் அணி சிராக்யூஸிடம் 81-78 என்று தோற்றிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நார்த் கரோலினாவில் மேட் டோஹர்ட்டி பதவி விலகியிருந்தார். அங்கே படித்து, அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்த ராய் வில்லியம்ஸ் அப்போது கேன்சஸின் பயிற்சியாளர். தோல்வியின் வேதனை ஆறுமுன்னரே தொலைக்காட்சிச் செய்தியாளர் நார்த் கரோலினாவைப் பற்றிக் கேட்க, வில்லியம்ஸ் நேரலையிலேயே கடுஞ்சொல் ஒன்றைச் சொல்லி, அந்த இடத்தைப் பற்றித் தமக்கு இப்போது அக்கறையில்லை என்று வெடித்தார். ஒரு வாரத்தில் அவர் நார்த் கரோலினாவின் பயிற்சியாளர். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மனம் தம் வீரர்களிடம்தான் இருந்திருக்கும். ஆனால் மறைவுப் பேச்சே வழக்கமாகிவிட்ட தொழிலில், உண்மையைச் சொல்பவரின் சொல்லுக்கும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது. ஆமென்றாலும் இல்லையென்றாலும் யாரும் நம்பப்போவதில்லை என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்துவது எப்படி அவருக்குக் காப்பாகும்?

இன்னொன்று, அவ்வளவாகப் பேசப்படாதது. மறைவு, முடிவெடுக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுகிறது. செய்தி கசிவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், பயிற்சியாளர் தம் வீரர்களிடமோ உதவியாளர்களிடமோ சில வேளைகளில் குடும்பத்தாரிடமோகூட முழுதாகப் பேசாமல் ஓரிரு நாட்களில் தலையசைக்க நேர்கிறது. 1993-இல் பாபி க்ரெமின்ஸ் ஜார்ஜியா டெக்கிலிருந்து சௌத் கரோலினாவுக்குப் போவதாக ஒப்புக்கொண்டு மூன்றே நாட்களில் திரும்பினார். 2006-இல் வின்த்ராப்பின் கிரெக் மார்ஷல் காலேஜ் ஆஃப் சார்ல்ஸ்டனின் இடத்தை ஏற்று மறுநாளே மனம் மாறினார். 2007-இல் க்ரைட்டனின் டேனா ஆல்ட்மன் ஆர்கன்சாவில் அறிமுகக் கூட்டம்வரை போய் அடுத்த நாள் க்ரைட்டன் இருக்கும் ஒமாஹாவுக்கே திரும்பிவிட்டார். அதே ஆண்டு ஃபுளோரிடாவின் பில்லி டானவன் என்.பி.ஏ.வின் ஆர்லாண்டோ மேஜிக்கோடு ஒப்பந்தம் செய்துவிட்டுச் சில நாட்களில் விடுவிக்கக் கோரினார். இந்த நால்வரின் மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அவரவருக்கே வெளிச்சம். ஆயினும், இவ்வளவு பெரிய முடிவை வெளிப்படையாக ஒரு வாரம் எடுத்துப் பேச முடிந்திருந்தால், இப்படிப் போய்த் திரும்பும் நிலை இவ்வளவு எளிதில் வந்திருக்காது என்றே நம்புகிறேன். இதனால் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இழப்புதான்: ஆர்கன்சா மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.

இனி அனுமதி கேட்கும் வழி. ஓர் இயக்குநர் இன்னோர் இயக்குநரைத் தொலைபேசியில் அழைக்கிறார்: "உங்கள் பயிற்சியாளரோடு பேச விரும்புகிறோம், உங்களிடம் சொல்லிவிட்டுப் பேசுகிறோம்." இதுவே முழுச் சடங்கும். பல ஒப்பந்தங்களில், பிற வேலை பற்றிப் பேசுமுன் பயிற்சியாளர் தம் இயக்குநருக்கு அறிவிக்க வேண்டும் அல்லது அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருந்தும் முகவர் வழியாகப் பேசி முடித்துவிட்டுக் கடைசி மணி நேரத்தில் மரியாதைக்காக இந்த அழைப்பைச் செய்வதே பெரும்பாலும் நடக்கிறது. அனுமதி என்பது வெறும் ஒப்புக்கு என்றால் அதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள், இந்த வரிசைமாற்றத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அழைப்பு முதலில் வந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

சிறிய கல்லூரிகள் அனுமதி கொடுக்க அஞ்சுவதற்கு ஒரு காரணம், பேச விட்டுவிட்டால் ஒப்பந்தத்தைக் காட்டி இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடுமோ என்பது. இந்த அச்சத்துக்கு நீதிமன்றத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வழக்கென்றாலும் இங்கே பொருந்துவது: வாண்டர்பில்ட்டின் பயிற்சியாளர் ஜெரி டினார்டோ 1994-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, வாண்டர்பில்ட் பேச அனுமதித்திருந்தது, ஆகவே இழப்பீடு கேட்க முடியாது என்று அவர் வாதிட்டார். பேச அனுமதிப்பதும் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல என்று 1999-இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

கூடைப்பந்தில் கென்ட் ஸ்டேட் வழக்கு இதைவிடத் தெளிவானது. ஓஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2010-இல் தன் பயிற்சியாளர் ஜீனோ ஃபோர்டின் ஒப்பந்தத்தை நீட்டித்தது. ஓராண்டில் அவர் இலினாயின் பிராட்லி பல்கலைக்கழகத்துக்கு, முன்பு பெற்றதைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட ஊதியத்தில் போய்விட்டார். ஒப்பந்தக் காலத்தில் எஞ்சியிருந்த ஒவ்வோர் ஆண்டின் ஊதியத்துக்கும் ஈடான தொகையை அவர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பயிற்சியாளரின் தொடர்ந்த பணியில் பல்கலைக்கழகம் முதலீடு செய்கிறது, அவர் இடையில் போனால் அந்த முதலீடு வீணாகும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தார். நான்கு ஆண்டுகளுக்குமாக 1.2 மில்லியன் டாலர். அது தண்டனைத் தொகை, செல்லாது என்ற ஃபோர்டின் வாதத்தை ஓஹையோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ஏற்கவில்லை. அதே ஆண்டு பிராட்லியும் அவரை நீக்கிவிட்டது. ஒருவரை இழுத்துக்கொண்ட கல்லூரி அவருடைய கணக்கைத் தானே தீர்க்காமல், வழக்கைத் தனியாக அவர் தலையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எந்த நீதிமன்றமும் ஒருவரை விருப்பமில்லாமல் பயிற்சியளிக்கும்படி கட்டாயப்படுத்தாது. ஆகவே சிறிய கல்லூரி அனுமதி மறுத்துப் பயனில்லை. அது கேட்கக்கூடியது தொகையும், முன்கூட்டிய அறிவிப்பும். இரண்டையும் தருவது பெரிய பல்கலைக்கழகத்தால் முடியாத காரியம் அல்ல.

தொடரின் நடுவில் அனுமதியோடு பேசினால் அணியின் கவனம் சிதறிவிடும் என்பது இவ்வழிக்கு எதிரான வலுவான வாதம். 2025 மார்ச்சில் இதற்கு ஒரு சோதனை நிகழ்ந்தது. லூசியானாவின் லேக் சார்ல்ஸ் நகரிலுள்ள மெக்நீஸ் ஸ்டேட் அணி தொடருக்கு வந்திருந்தபோது, அதன் பயிற்சியாளர் வில் வேட், நார்த் கரோலினா ஸ்டேட் தம்மோடு பேசுவது உண்மைதான், தம் நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் அது தெரியும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருடைய அணி க்ளெம்சனை 69-67 என்று வென்றது. என்.சி.ஏ.ஏ. தொடரில் மெக்நீஸ் வரலாற்றின் முதல் வெற்றி அது. அடுத்த ஆட்டத்தில் பர்டூவிடம் தோற்றபின் அவர் போனார். வேட் என்பவரை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. விதிமீறல் குற்றச்சாட்டுகளுக்காக 2022-இல் லூசியானா ஸ்டேட் அவரை நீக்கியிருந்தது. ஒரே ஓர் அணியை வைத்து எல்லா அணியும் இப்படித்தான் ஆடும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இவ்வளவு தெரிகிறது: இருபது வயது இளைஞர்களுக்கு உண்மையைச் சொன்னால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்ற எண்ணம், பெரியவர்கள் தம் வசதிக்காகக் கட்டிக்கொண்டதாக இருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான முடிவை 1989-இல் மிஷிகன் எடுத்தது. தொடர் தொடங்க இரண்டே நாள் இருக்கையில் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் அரிசோனா ஸ்டேட்டின் இடத்தை ஏற்றுக்கொண்டு, தொடர் முடியும்வரை மிஷிகனிலேயே இருக்கிறேன் என்றார். விளையாட்டுத் துறை இயக்குநர் போ ஷெம்பெக்லர் அதை ஏற்கவில்லை. மிஷிகனுக்கு மிஷிகன்காரரே பயிற்சியளிப்பார் என்று அறிவித்து, உதவிப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷரிடம் அணியை ஒப்படைத்தார். ஏப்ரல் 3 அன்று சியாட்டிலில் கூடுதல் நேரத்தில் சீட்டன் ஹாலை 80-79 என்று வென்று மிஷிகன் பட்டம் பெற்றது. அந்த வெற்றியால் ஷெம்பெக்லரின் முடிவு பெருமையாகப் பேசப்படுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. முதலிலேயே ஃப்ரீடர் வந்து கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது வேறு கதை. முடிந்துவிட்ட ஒப்பந்தத்தோடு வந்து நின்றதால்தான் அவருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

காத்திருக்கும் வழி பார்ப்பதற்குக் கண்ணியமானது. 2022-இல் கெவின் வில்லர்ட் சீட்டன் ஹாலை விட்டு மேரிலேண்டுக்குப் போனபோது, அந்த இடத்துக்கு வரப்போகிறவர் அங்கேயே ஆடி வளர்ந்த ஷஹீன் ஹாலோவே என்பது நியூ ஜெர்சி முழுதும் ஊரறிந்த செய்தி. ஆனால் ஹாலோவேயின் செயின்ட் பீட்டர்ஸ் அணி அப்போது ஆடிக்கொண்டிருந்தது. ஜெர்சி சிட்டியின் அந்தச் சிறிய ஜெசூட் பல்கலைக்கழகம் கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டூ என்று மூன்று அணிகளை வீழ்த்தி, பதினைந்தாம் நிலை அணி எதுவும் அதுவரை எட்டாத காலிறுதியை எட்டியது. மார்ச் 27 அன்று நார்த் கரோலினாவிடம் தோற்ற பின் சில நாட்களில் ஹாலோவே சீட்டன் ஹால் சென்றார். சீட்டன் ஹால் அறிவிப்பைப் பொறுத்திருந்து செய்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், காத்திருப்பதால் வீரர்களுக்கு எதுவும் மிச்சமாகவில்லை. அந்த அணியின் முதன்மை வீரர்கள் பலரும் அதே வசந்தத்தில் வேறு வேறு கல்லூரிகளுக்குச் சிதறிவிட்டார்கள்.

காத்திருப்பில் 2025 வரை இருந்த உண்மையான சிக்கல் நாட்காட்டி. 2025-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மார்ச் 24 அன்று, தொடர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, முப்பது நாட்களுக்குத் திறந்தது. பெரிய பல்கலைக்கழகம் இறுதி ஆட்டம்வரை பொறுத்திருந்தால், அதற்குள் நல்ல வீரர்களைப் பிறர் அழைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே வெளியில் காத்திருப்பதாகக் காட்டிக்கொண்டு உள்ளே முகவரோடு பேசி முடிப்பதுதான் நடக்கக்கூடியதாக இருந்தது. அதாவது காத்திருக்கும் வழி பலருடைய கையில் மறைவு வழியாகவே மாறிவிட்டது. அதே 2025-இல் மேரிலேண்டில் நடந்ததையும் நினைவில் கொள்ளலாம். அதன் விளையாட்டுத் துறை இயக்குநர் தொடர் நேரத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, பயிற்சியாளர் வில்லர்டைச் செய்தியாளர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் வில்லனோவா பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாரா என்றே கேட்டார்கள். அவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. மார்ச் 27 அன்று ஃபுளோரிடாவிடம் தோற்று, 30 அன்று அவர் வில்லனோவாவின் பயிற்சியாளர். இரண்டு வாரம் மேரிலேண்ட் வீரர்கள் தங்கள் பயிற்சியாளரைப் பற்றி மற்றவர்களைப் போலவே வதந்திகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொடர் முடியும்வரை போர்ட்டலே திறக்கக்கூடாது என்றால் காத்திருப்பதற்கு உண்மையான பொருள் வரும். அந்த மாற்றம் இல்லாதவரை காத்திருப்பு என்பது நல்ல எண்ணமாக மட்டுமே இருந்தது.

வீட்டுக்குள்ளேயே ஆள் தேடுவதற்குச் சான்றுகள் எண்ணத்தக்கவை. ஃபிஷர் ஒருவர். 1999-இல் டான் மான்சன் மினசோட்டாவுக்குப் போனபோது கன்சாகா தன் உதவிப் பயிற்சியாளர் மார்க் ஃப்யூவை உயர்த்தியது. வாஷிங்டன் மாநிலத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சிறிய கல்லூரியை அவர் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக்கினார். ஃபோர்டை இழந்த கென்ட் ஸ்டேட்டும் உதவியாளர் ராப் செண்டராஃபையே உயர்த்தி நிலைபெற்றது. ஆனால் இந்த வழி இழந்தவர்களுக்கு ஏற்றது. தோல்வியால் பயிற்சியாளரை நீக்கிய பெரிய பல்கலைக்கழகத்துக்கு, அதே தோல்வியில் பங்குள்ள உதவியாளரை உயர்த்துவது கடினம். அவர்களை இதற்கு வற்புறுத்துவதில் பயனில்லை.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதும் ஒரு சிறிய இடம் என்பதை மறக்கக்கூடாது. 2003-இல் வில்லியம்ஸ் போனதும் கேன்சஸ் இலினாயிலிருந்து பில் செல்ஃபை எடுத்தது. இலினாய் சதர்ன் இலினாயிலிருந்து ப்ரூஸ் வெபரை எடுத்தது. சதர்ன் இலினாய் உதவியாளர் மேட் பெயின்டரை உயர்த்த, ஓராண்டில் பர்டூ அவரையும் அழைத்துக்கொண்டது. இலினாய்க்கு இதில் கெடுதல் நேரவில்லை; வெபரின் கீழ் 2005-இல் இறுதி ஆட்டம்வரை போய், வில்லியம்ஸின் நார்த் கரோலினாவிடம்தான் தோற்றது. கேன்சஸ் போன்ற இடம் ஒரே வாரத்தில் மீண்டுவிடும். சதர்ன் இலினாயோ இரண்டே ஆண்டுகளில் இரண்டு பயிற்சியாளர்களை இழந்தது. வீரர்கள் இப்போது விருப்பம்போல் மாறலாமே, 2024-க்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும், ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டிய தேவையின்றி மாறலாமே, இனி யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். மாறும் உரிமை நல்லது. அது வர வேண்டியதுதான். ஆனால் சில நாட்களில் முடிவெடுக்க வேண்டிய இளைஞருக்கு, தம் பயிற்சியாளர் இருப்பாரா போவாரா என்பதைவிட முக்கியமான தகவல் எது? அதை மறைத்துவிட்டு உரிமையை மட்டும் கொடுப்பது அரைகுறை நீதி.

ஆகவே அந்த இயக்குநருக்கு என் பரிந்துரை இது. முதலில் தம் பயிற்சியாளரை முறைப்படி விடுவித்துவிட்டு, அடுத்த நாளே எதிர்த்தரப்பு இயக்குநரை அழைத்துக் கேட்கட்டும். முகவரோடு அதற்கு முன் பேசியிருக்கக்கூடாது. பயிற்சியாளர் நேர்காணலுக்கு முன் தம் வீரர்களைக் கூட்டி, நடப்பதைச் சொல்லட்டும். இறுதி முடிவு எடுத்ததும் அவர்களுக்கே முதலில் தெரியட்டும். விலகல் தொகையைப் பயிற்சியாளர் மீது சுமத்தாமல் அழைக்கும் பல்கலைக்கழகமே கட்டட்டும். தொடர் நடுவில் இருந்தால், பேச்சு நடக்கலாம், கையெழுத்து கடைசி ஆட்டம்வரை பொறுக்கட்டும். இதனால் ஒன்றிரண்டு பயிற்சியாளர்கள் கைநழுவிப் போகலாம். கேட்டதும் செய்தி கசிந்து பிற பல்கலைக்கழகங்கள் முந்திக்கொள்ளலாம். அந்த இழப்பு ஏற்றுக்கொள்ளத்தக்கது என்றே நினைக்கிறேன். என்.சி.ஏ.ஏ. இதை விதியாக்கினால் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பார்கள். ஆக்கும்வரை, கல்லூரிகள் சேர்ந்து ஆடும் போட்டிக் கூட்டமைப்புகள் தம் உறுப்பினர்களுக்குள்ளாவது இதை ஒப்பந்தமாக்கிக்கொள்ளலாம்.

சிறிய கல்லூரிகளும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரிச்மண்டிலுள்ள வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், தன் பயிற்சியாளரை அழைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் பணம் கட்டுவதோடு தன்னோடு இரண்டு ஆட்டங்கள், ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று ஆட வேண்டும் என்று ஷாக்கா ஸ்மார்ட்டின் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் சிறியவற்றின் அரங்குக்கு வந்து ஆடுவது அரிது என்பதால், பணத்தைவிட இது மதிப்புள்ளது. டிக்கெட் வருவாயும் தொலைக்காட்சி நேரமும் வீரர்களுக்கு ஒரு பெரிய மாலையும் கிடைக்கும். 2015-இல் ஸ்மார்ட் டெக்சஸுக்குப் போனார். 2017 டிசம்பரில் டெக்சஸ் ரிச்மண்டுக்கு வந்தது, அடுத்த ஆண்டு வர்ஜீனியா காமன்வெல்த் அணி டெக்சஸின் ஊரான ஆஸ்டினுக்குப் போனது. அடுத்த ஒப்பந்தத்தை எழுதும் சிறிய கல்லூரி, இதே பிரிவில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: முதல் தொலைபேசி அழைப்பு தன் இயக்குநருக்கு வராமல் முகவருக்குப் போயிருந்தால், விலகல் தொகை இரட்டிப்பாகும்.